துக்க வீட்டு விதைநெல்

மார்கழிப் பனி பிடரியில் சொட்டிக்கொண்டிருந்தது. வயலில் இறங்கியதும் சேறு முழங்கால்வரை இழுத்தது. சாய்ந்து கிடக்கிற பயிரை நாலு குத்தாகச் சேர்த்து அணைத்து நிமிர்த்தி, அதன் தோகையையே முறுக்கி நடுவில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு விழுந்தால் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கும். விட்டுவிட்டால் பயிர் சேற்றில் படிந்து அழுகிப்போகும். சொல்வதற்குச் சுலபம்தான். தோகை அரம்போல விரலை அறுக்கும். அறுத்த இடத்தில் சேற்றுத் தண்ணீர் பட்டால் உயிர் போய் உயிர் வரும். வெள்ளம் கொண்டுவந்து தள்ளிய ஆகாயத்தாமரை, தெர்மாகோல், பிராந்தி பாட்டில், எந்த வீட்டுப் பிள்ளையுடையதோ ஒற்றைச் செருப்பு என்று எல்லாவற்றையும் பொறுக்கி வரப்பில் எறிந்துகொண்டே நகர வேண்டும்.

அத்தனை பெரிய வயலில் நானும் தனக்கொடியும் மட்டும்தான் குனிந்திருந்தோம்.

"யக்கா, நீ போயேன். உனக்குக் கூலி குடுக்க எங்கிட்ட ஒண்ணியும் இல்ல" என்றாள்.

"நான் கேட்டனா? வாய மூடிக்கினு கட்டுடி."

என் பெயர் ஜெசிந்தா மேரி. சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. எங்கள் ஊர் உறுவையாற்றில் யார் வயலில் களையெடுப்பு, நடவு, அறுப்பு என்றாலும் முதலில் என் வாய் கேட்கும், அப்புறம்தான் ஆள் தெரிவேன் என்று சொல்வார்கள். சொல்லட்டும். வாயாவது இல்லாவிட்டால் எங்களை எல்லாம் எப்போதோ மிதித்துப்போட்டிருப்பார்கள்.

கார்த்திகைக் கடைசியில் புயல் வந்து, ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் பாய்ந்ததில், கண்ணுக்கெட்டின தூரம்வரை நெல் அழுகிக் கிடந்தது. கடையில் மூட்டைமூட்டையாக வாங்கிப் போட்ட குட்டை நெல். தண்ணீர் தலைக்கு மேல் நின்றதும் மூச்சுமுட்டிச் செத்துவிட்டது. காற்று அடித்தால் செத்த எலி நாற்றம். நடுவில் தனக்கொடியின் துண்டு மட்டும் பச்சையாக நின்றது. சாய்ந்திருந்தது, சேறு பூசியிருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது.

அதுதான் கெண்டைச் சம்பா. ஆளுயரம் வளரும். தண்ணீர் ஏற ஏறத் தானும் ஏறும். தூருக்குள்ளே கெண்டைக் குஞ்சுகள் ஓடும், அது பாட்டுக்கு நிற்கும். உமி சிவப்பு, அரிசியும் லேசாகச் சிவப்பு. ஆவணியில் விதைத்தால் தைக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். விளைச்சலும் குட்டை நெல்லில் பாதி தேறினால் பெரிய விஷயம். ஆனால் இந்தப் பள்ளத்துப் பூமியில் வெள்ளம் வந்த வருஷமெல்லாம் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியது அதுதான்.

அதன் விதை தனக்கொடி வீட்டில்தான் இருந்தது. அவள் புருஷன் வீரப்பன் விதை விஷயத்தில் ஒரு கிறுக்கன். அறுப்புக்கு முன்னால் வயலுக்குள் நீச்சலடிக்கிறவன்போலப் புகுந்து, நடுவயலில் நன்றாக முற்றிய கதிராகப் பார்த்துப் பார்த்துப் பறிப்பான். வேறு நெல்லின் கதிர் ஒன்று தலையை நீட்டினால் அதைத் தூரோடு பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் சோறு தின்பான். ஆவணி பிறந்தால் ஊரே அவன் வாசலில் நிற்கும். வீரப்பன் மரக்காலால் அளப்பான். ஆனால் முதல் கையைத் தனக்கொடிதான் அள்ளிப் போட வேண்டும். தாலி இருக்கிற மஞ்சக் கையால் முதல் விதை வாங்கினால்தான் முளைக்கும் என்பது இங்கே பழக்கம். அவள் சிரித்துக்கொண்டே அள்ளுவாள். "இந்தா மாமா, வூடு நெறையட்டும்" என்பாள். காசு கிடையாது. விளைந்தால் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீரப்பன் மோட்டார் கொட்டகையில் செத்துப்போனான். மழை நாள். ஒயரெல்லாம் இத்துப்போய்த் தொங்குகிறது, மாற்றிக்கொடுங்கள் என்று நிலத்துக்காரர் அன்புராஜிடம் எத்தனையோ தடவை கேட்டிருந்தான். மாற்றலாம் மாற்றலாம் என்றார். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவன் அப்படியே ஒட்டிக்கொண்டான். நாங்கள் மூங்கில் கழியால் தட்டி எடுத்தபோது அவன் கை கருகியிருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

அந்த ஆவணியில் விதை கேட்டு ஒருத்தரும் தனக்கொடி வீட்டுக்கு வரவில்லை. துக்க வீடு, பாவம், இந்த நேரத்தில் அவளை எதற்குத் தொந்தரவு செய்வானேன் என்றார்கள். அடுத்த ஆவணியிலும் வரவில்லை. தாலியறுத்த கையால் எப்படி வாங்குவது என்று ஒருத்தர் வாயும் திறந்து சொல்லவில்லை. அதுதான் கொடுமை. சொல்லியிருந்தால் நாலு கேள்வியாவது கேட்டிருப்பேன். எல்லாரும் "பாவம், பாவம்" என்றே ஒதுங்கினார்கள். பாவமாம் பாவம்! அவள் ஆவணி முழுக்க வாசலைக் கூட்டி, மரக்காலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஊர் மொத்தமும் கடை விதைக்குப் போய்விட்டது. கெண்டைச் சம்பா அவள் ஒருத்தி வயலில் மட்டும் மிச்சமாயிற்று.

வெயில் ஏறினதும் ரோட்டோரம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அன்புராஜ் இறங்கினார். கூடவே அளக்கிற டேப்போடு ஒரு ஆள். அன்புராஜ் பாண்டியில் குடியிருக்கிறவர். அப்பா காலத்து நிலம். அதைத்தான் தனக்கொடி, சுப்புராயன், இன்னும் சில குடும்பங்கள் வாய்வார்த்தைக் குத்தகைக்குச் செய்துவந்தார்கள். ஷூவில் சேறு படாமல் வரப்பு முனையிலேயே நின்றுகொண்டார்.

"இன்னா தனக்கொடி, எல்லாரும் நெலத்த வுட்டுட்டாங்க. நீ மட்டும் இன்னாத்த முடி போட்டுக்கினு கெடக்குற?"

"பயிரு நிக்குது சார்."

"நிக்கட்டும். மொத்தத்தையும் மனைக்குப் பேசியாச்சு. பொங்கலுக்கு முன்னாடி கிராவல் அடிச்சு ரோடு போடணும்."

"இது தைக் கடைசியிலதான் சார் முத்தும். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

"அம்மாம் நாள் எவன் காத்துக்கினு இருப்பான்? கரிக்கலாம்பாக்கம் பக்கம் போய்ப் பாரு, வயலா இருந்ததெல்லாம் வூடா ஆயிடுச்சு. இந்தக் கெழட்டு நெல்ல போடச் சொல்லி யாரு உங்கிட்ட கேட்டா? ஊரே புது நெல்லுக்குப் போயிடுச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் புது நெல்லு எங்க சார் இப்ப? கொஞ்சம் காட்டுங்க பாப்பம்" என்றேன்.

"நீ யாரு?"

"கூலி."

"கூலின்னா கூலிய மட்டும் பாரு."

தனக்கொடி என் கையைப் பிடித்து அமுக்கினாள். "சார், இது வெதை. இது போயிடுச்சுன்னா வேற எங்கயும் கெடைக்காது. எனக்காகக் கேக்கல."

"வெதைக்கா பஞ்சம்? எந்தக் கடையில கேட்டாலும் பையில போட்டுக் குடுக்கறான். சரி, உங்கிட்ட குத்தகைக்குப் பேப்பர் ஏதாச்சும் கீதா?"

"உங்க அப்பா வாயால சொன்னாரு."

"அவரே போய்ச் சேந்துட்டாரு."

"எங்க வூட்டுக்காரரும்தான் போய்ச் சேந்துட்டாரு சார்" என்றாள் தனக்கொடி. குரல் உயரவே இல்லை. "உங்க மோட்டார் கொட்டாயிலதான் போனாரு. அதுக்கு நான் பேப்பர் கேட்டனா?"

டேப் வைத்திருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்புராஜ் போனை எடுத்து எதையோ பார்த்தார். "பழசையெல்லாம் கெளறாத. பொங்கலுக்கு முன்னாடி வழிய வுட்டுடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். தனக்கொடி மறுபடி குனிந்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள். அவள் முகத்திலிருந்து சொட்டியது வியர்வையா கண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ரேஷன் கடை வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பயிர் போன வீட்டு ஆண்களின் முகத்தைப் பார்க்க முடியாது. ஒருத்தன் சேதராப்பட்டு கம்பெனியில் செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லிவைத்திருந்தான். ஒருத்தன் திருப்பூருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். நடுவில் சுப்புராயன். வீரப்பனுக்குப் பெரியப்பா மகன். குத்தகை நிலம் போனாலும் ஏரிக்கரையில் அரைத் துண்டு சொந்தமாக வைத்திருக்கிறவர்.

"அண்ணே, விசயம் தெரியுமா? பொங்கலுக்கு முன்னாடி தனக்கொடி வயலு மேல கிராவல் கொட்றாங்களாம்" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் குந்திக்கினு கீறீங்களா? அடுத்த வெள்ளம் வந்தா இன்னாத்த நடுவீங்க? மறுபடியும் கடை மூட்டையா? உங்க எல்லார் வயலும் செத்துப்போச்சு. உயிரோட நிக்கறது அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா இந்தப் பள்ளத்துக்கு வெதையே கெடையாது. அவ ஒருத்தி வவுத்துப்பாட்டுக்கா முடி போட்டுக்கினு கீறா?"

சுப்புராயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளம் வடிஞ்ச அன்னிக்கே போய்ப் பாத்தேன் ஜெசிந்தா. தூரமா நின்னுதான் பாத்தேன். தம்பி நெல்லு மட்டும் நிக்குது. என் நெஞ்சே வெடிச்சுடும்போல இருந்துச்சு. ரெண்டு வருசமா அந்தப் பொண்ணு வாசப்படி மிதிக்காம இருந்துட்டு, இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?"

"இருக்கிற மூஞ்சிய வெச்சிக்கினு வாங்க. வேற மூஞ்சிக்கு எங்க போவீங்க?"

யாரோ ஒருவன் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டான். வருகிறோம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நான் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மாதா படத்துக்கு முன்னால் நின்று ஒரு மூச்சு அழுதேன்.

போகிக்கு முந்தின நாள் காலையில் லாரி வந்துவிட்டது. சிவப்பு கிராவல். பின்னாலேயே ஜேசிபி. கதிர் வெளியே வந்து பால் பிடித்திருந்த நேரம். விரலால் நசுக்கினால் வெள்ளையாகப் பீச்சும். பிள்ளை பெற்றவள் மார் மாதிரி வயலே கனத்து நின்ற நேரம். லாரி மேற்கு மூலையில் கொட்டியது. ஜேசிபி தன் கையை நீட்டி மண்ணைத் தள்ளியது. பயிர் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று.

தனக்கொடி மிஷினுக்கு முன்னால் போய் நிற்கவில்லை, கூச்சல் போடவும் இல்லை. மண் விழுகிற இடத்துக்கு ஓடிப்போய்ப் பச்சைக் கதிரைக் கை கையாகப் பறித்து மடியில் போட ஆரம்பித்தாள். பால் கதிர் முளைக்காது. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் பறித்தாள். மண் சரிந்து அவள் காலை மூடியது. காலை உருவிக்கொண்டு அடுத்த கதிரைப் பறித்தாள். வாயில் ஏதோ முனகிக்கொண்டே இருந்தாள். கிட்டே போனபோதுதான் கேட்டது. "என்னங்க, என்னங்க" என்று புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கத்தின கத்தில் கோயில் தெருவரைக்கும் கேட்டிருக்க வேண்டும். முதலில் பெண்கள் வந்தார்கள். முறத்தையும் துடைப்பத்தையும் போட்டது போட்டபடி வந்தார்கள். அப்புறம் ஆண்கள். சுப்புராயன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தவர் வரப்பில் ஒரு நொடி நின்றார். பிறகு சேற்றில் குதித்து நேராகப் போய் ஜேசிபியின் கைக்குக் கீழே நின்றுகொண்டார். அவருக்குப் பக்கத்தில் திருப்பூருக்கு மூட்டை கட்டினவன் நின்றான். அப்புறம் எல்லாரும் நின்றோம்.

மிஷின் உறுமிக்கொண்டே இருந்தது. ஓட்டினவன் கீழே பார்த்தான், தனக்கொடியைப் பார்த்தான். என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"இன்னா நெல்லும்மா இது? வெள்ளத்துல நின்னுச்சா?" என்று கேட்டான்.

"நின்னுச்சுப்பா" என்றேன் நான்.

"நானு நெட்டப்பாக்கம். பேரு அரிகரன். எங்க அப்பா போட்டது பூராவும் முழுகிப்போச்சு. அதுக்கப்புறம் அவரு சரியா சோறே துன்றதில்ல." தனக்கொடியின் கையிலிருந்த பச்சைக் கதிர் ஒன்றைத் தடவிப் பார்த்தான். "நான் ஓட்டல. இவங்க வேற ஆள வெச்சுக்கட்டும்."

அன்புராஜ் வந்து குதித்தார். "ஒவ்வொருத்தன் மேலயும் கேஸ் போடறேன். என் நெலத்துல நிக்க நீங்க யாரு?"

"அறுக்கறவங்க" என்றார் சுப்புராயன். "முத்துனதும் அறுப்போம். அதுவரைக்கும் இங்கதான் இருப்போம். கேஸ் போட்டா எல்லார் பேரையும் போடு தம்பி. ஒருத்தர் பேரையும் வுட்டுடாத."

தை முழுக்க அந்த வயலைச் சுற்றி முறைவைத்து உட்கார்ந்தோம். போலீஸ் வந்து விரட்டிவிட்டுப் போகும், அந்தப் பக்கம் போனதும் மறுபடி வந்து உட்காருவோம். பொங்கல் பானைகூட அந்த வரப்பில்தான் பொங்கியது. மேற்கு மூலை சிவப்பாக மூடிக் கிடந்தது. தனக்கொடி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

முற்றினதும் அறுத்தோம். மிஷின் அறுப்பு கூடாது. மிஷினின் வயிற்றில் வேறு வயல் நெல் ஒட்டிக்கொண்டிருக்கும், விதை கலந்துவிடும். கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு ஊரே இறங்கியது. சுப்புராயன் முன்னால் புகுந்து கலப்புக் கதிரைப் பிடுங்கி எறிந்துகொண்டே போனார். கதிர்க் கட்டுகளைக் களத்தில் போட்டு மெதுவாக ஒரே ஒரு தட்டு. முதல் தட்டில் தானாக உதிர்கிறது எதுவோ அதுதான் நன்றாக முற்றின மணி. அதற்குத் தலையடி என்று பெயர். விதைக்கு அதுமட்டும்தான். மிச்சத்தை அப்புறம் ஓங்கி அடித்துச் சோற்றுக்கு எடுத்துக்கொள்ளலாம். தலையடி நெல் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. மூலை போயிற்று, வெள்ளத்தில் பாதி பதராகிவிட்டது. காய வைத்துக் குவித்தபோது, இவ்வளவுதானா என்றுதான் இருந்தது.

ஒரே வீட்டில் வைக்க வேண்டாம், வீட்டுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைத்துக்கொள்வோம், ஒரு வயலை மூடினாலும் இன்னொரு வயலில் இருக்கும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். கரிக்கலாம்பாக்கத்தில் மிச்சமிருந்த வயலில் பயிர் போன குடும்பங்களிலிருந்தும் ஆள் வந்திருந்தது. அரிகரன் அப்பாவைப் பைக்கில் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். எல்லாரும் வயலை ஒட்டின களத்தில் வரிசையாக நின்றார்கள்.

தனக்கொடி குவியலிலிருந்து விலகி ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"யக்கா, நீ அள்ளிக் குடு" என்றாள் என்னிடம்.

"ஏன்டி?"

"உன் கழுத்துல தாலி கீது. நான் குடுத்து, நாளைக்கு ஒரு வூட்ல மொளைக்கலன்னா என்னால தாங்க முடியாதுக்கா."

ஐயோ மாதாவே! ஊர் ஒதுக்கினது போதாதென்று அவளே தன்னை ஒதுக்கி வைத்திருக்கிறாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. வாயடைத்து நின்றேன். என் வாழ்நாளில் என் வாய் அடைத்தது அன்றைக்குத்தான்.

சுப்புராயன் வரிசையிலிருந்து வெளியே வந்தார். நேராக அவள் முன்னால் போய்த் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையிலும் விரித்தார்.

"வெள்ளத்துல இத்த காப்பாத்துனது யாரு கையிம்மா? என் தாலிகட்டுன பொண்டாட்டி கையால வெதச்ச கடை நெல்லு எங்க போச்சு? நாங்க செஞ்சது தப்பு. குடு தாயி."

அவள் அசையவில்லை. அவர் துண்டைத் தாழ்த்தவும் இல்லை. பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக முந்தானையை விரித்தார்கள். அவர்களில் தாலி இருக்கிறவளும் இருந்தாள், இல்லாதவளும் இருந்தாள். தனக்கொடி மெதுவாக வந்து குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நெல்லுக்குள் விட்டு, அள்ள முடியாமல், அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதாள். வீரப்பன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. அழுது முடிக்கும்வரை முந்தானையை விரித்தபடியே நின்றோம். அப்புறம் அள்ளினாள். "வூடு நெறையட்டும் மாமா" என்றாள். குரல் உடைந்துதான் வந்தது, ஆனால் வந்தது.

எல்லாருக்கும் கொடுத்து முடிந்ததும், அடியில் மிச்சமிருந்ததைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உன் பங்க எங்கம்மா வெதைப்ப? ஏரிக்கரையில என் துண்டு கீது, அங்க போட்டுக்கோ" என்றார் சுப்புராயன்.

"இல்ல மாமா. இங்கதான்" என்று மேற்கு மூலையைக் காட்டினாள்.

கிராவல் இறுகிப் போய்க் கிடந்தது. "அது மேல எப்படி?" என்று யாரோ கேட்டார்கள்.

"மேல இல்ல. அடியில நம்ம மண்ணு அப்படியேதான கீது? ஆவணிக்குள்ள வாரிடலாம்."

சொல்லிவிட்டு அவளே போய் மண்வெட்டியை எடுத்தாள். முதல் வெட்டு கல்லில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது வெட்டில் கொஞ்சம் பெயர்ந்தது. அரிகரன் அவள் கையிலிருந்து வாங்கி வெட்ட ஆரம்பித்தான். பெண்கள் கூடையைத் தேடி ஓடினார்கள்.

அப்போது ரோட்டில் வெள்ளைக் காரும் அதன் பின்னால் போலீஸ் ஜீப்பும் வந்து நின்றன. அன்புராஜ் இறங்கிக் கையை நீட்டி எங்களைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் ஏதோ சத்தம் போட்டார். இந்த நிலம் எங்களிடம் நிற்குமா, ஆவணியில் யார் வெளியே இருப்போம், யார் உள்ளே இருப்போம், ஒன்றும் தெரியாது. மண் வாருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். நான் நிரம்பின கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டேன். சுப்புராயன் அடுத்த கூடைக்கு மண் அள்ளிக்கொண்டிருந்தார்.